விரிசலுக்கு எத்தனை பங்காளி

கடிகாரக்கடை அம்மாவிடமிருந்து பதினொரு பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. அண்ணன் ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. லேசாகச் சாய்த்தால் போதும், விளிம்பிலிருந்து உள்பக்கமாக வெள்ளி மயிர் போல நூறு கோடுகள். அவற்றில் சில நீண்டு, நகத்தால் தடவினால் மாட்டுகிற விரிசலாகவே ஆகியிருந்தன.

"கீழ போட்டிருப்பாங்களோ?" என்றேன்.

"பதினொண்ணையுமா? வரிசையா நின்னு ஒவ்வொருத்தரா போட்டாங்களா?" என்றார் அண்ணன்.

எங்கள் தொழில் அக்ரிலிக் தகட்டை வெட்டி ஒட்டிக் கடைகளுக்குக் காட்சிப் பெட்டி செய்வது. பட்டறை அண்ணனுடையது. தகட்டை வெட்டுவது, துளை போடுவது, ஒட்டுவது எல்லாம் அவர். பெட்டிக் கதவுக்குக் கீல் மாட்டி விற்பது நான். விளிம்புக்கு மெருகு ஏற்றுவது என் மனைவி. வெட்டிய தகட்டின் விளிம்பு பனி படிந்தாற்போல் வெள்ளையாக இருக்கும். முன்பெல்லாம் அண்ணன் அதைத் துணிச் சக்கரத்தில் கொடுத்து அரை மணி நேரம் தேய்ப்பார். தேய்த்து முடித்தாலும் அது ஒரு மாதிரி தூக்கக் கலக்கத்தில்தான் இருக்கும். என் மனைவி வந்த பிறகு நெருப்பு வந்தது. மெல்லிய நீல நெருப்பை விளிம்பின் மேல் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவாள். ஒரு நொடி தாமதித்தால் தகடு கொப்பளித்துவிடும், ஒரு நொடி அவசரப்பட்டால் வெள்ளை போகாது. அவள் கை போன வழியெல்லாம் விளிம்பு தண்ணீராகத் தெளியும். அந்த விளிம்பைப் பார்த்துத்தான் கடிகாரக்கடை அம்மாவே எங்களிடம் வந்தார்.

வந்தவர் இப்போது போனில் இரண்டே வாக்கியம் சொல்லியிருந்தார். அடுத்த அறுபது பெட்டி வேண்டும். ஆனால் இந்த வேலையைச் செய்த ஆள் அங்கே இருக்கக் கூடாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு திரும்பி வந்தால், "அந்த ஆளை மாத்திட்டோம்மா" என்று சொல்லிவிடுவது. வாங்குகிறவருக்கு மனம் ஆறும், பேச்சு அடுத்த ஆர்டருக்கு நகரும். இருபது வருடத்தில் அண்ணன் இப்படி ஐம்பது பேரையாவது வேலையை விட்டு அனுப்பியிருப்பார். அதில் ஒருவர்கூட இன்னும் பிறக்கவில்லை. இந்த முறையும் அவர் வாய் தானாகவே சொல்லிவிட்டது. அந்த அம்மாவும் விடுகிற ஆள் இல்லை. "நல்லது. வியாழக்கிழமை நேர்ல வந்து பாத்துக்கறேன்" என்றுவிட்டார்.

நெருப்பு மேஜையில் இருப்பது ஒரே ஆள். அது என் மனைவி.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத," என்று ஆரம்பித்தார் அண்ணன். அவர் அப்படி ஆரம்பித்தால், தப்பாக எடுத்துக்கொள்ளும்படி ஏதோ வருகிறது என்று அர்த்தம். "நான் சக்கரத்துல தேய்ச்ச பெட்டி ஒண்ணாவது இதுவரை திரும்பி வந்திருக்கா?"

"இல்ல மாமா."

"இந்தப் பதினொண்ணும் நெருப்புக் காட்டினது. அப்ப கோளாறு எங்க இருக்கு? நீயே சொல்லு."

அண்ணன் சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது.

என் மனைவி எழுந்து போய்ப் பின்னறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். எட்டு மாதத்துக்கு முன் யாரோ கேட்டுவிட்டு வாங்க வராமல் போனது. "இதுவும் நான் நெருப்புக் காட்டினதுதான். இதுல ஒரு கோடு காட்டுங்க பாப்போம்."

அண்ணன் சாய்த்தார், கவிழ்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கோடும் இல்லை.

"இது பின்னறையிலேயே கிடந்தது. அதெல்லாம் வெளிய போனது," என்றாள். "வெளிய என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. என் கையை ஏன் பாக்கறீங்க?"

அவள் சொன்னதும் எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விற்பவன் முகம் எதற்கும் தலையாட்டும், அதில் தீர்ப்பைத் தேடுவது வீண்.

"வியாழக்கிழமை வரைக்கும்தான்," என்றார் அண்ணன். "அப்புறம் நீ பேக்கிங் பக்கம் போயிடு. மேஜையை எடுத்துட்டுச் சக்கரத்தையே திரும்பப் போட்டுடறேன்."

மனைவி நெருப்பை அணைத்துவிட்டு முனை ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கை வேகத்தைப் பிடிக்க எத்தனை தகடுகளைக் கொப்பளிக்கவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். பேக்கிங் பக்கம் போய் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டச் சொல்வது, பாடுகிறவரை மைக் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது மாதிரி.

மறுநாள் காலை அவள் அந்தப் பதினொன்றையும் தரையில் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. நாலு பக்கமும் கோடு இருக்கு. மேல்பக்கம் இருக்கு. அடிப்பக்கம் மட்டும் சுத்தமா இருக்கு. அடியிலயும் நான்தானே நெருப்புக் காட்டினேன்?"

"அடியில பாரம் அழுத்துது, அதான் கெட்டியா இருக்கு," என்றேன். தெரியாத விஷயத்துக்கு உடனே ஒரு பதில் சொல்வது என் தொழிலில் பழகிய கெட்ட பழக்கம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பிரிட் பாட்டிலும் மடித்த வெள்ளைத் துணியும் இருக்கும். வாங்குகிறவர் தயங்குகிற நேரத்தில் விற்பவன் கை சும்மா இருந்தால் அவர் சந்தேகத்துக்கு இடம் கிடைத்துவிடும். நான் பேச்சை நிறுத்திவிட்டுத் துணியில் ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, பெட்டியின் நாலு பக்கமும் மேலும் மெதுவாக ஒரு துடை துடைப்பேன். விரல் ரேகை எல்லாம் மறைந்து, பெட்டி அங்கே இருப்பதே தெரியாமல் போகும். பத்தில் ஏழு பேர் அந்த இடத்தில் சரி என்பார்கள். அடிப்பக்கத்தை யார் துடைப்பார்கள்?

"அடப் போடி," என்றேன். "அண்ணன் சக்கரத்துல தேய்ச்ச காலத்துலயும் நான் இதாலதான் துடைச்சேன். அப்ப ஒண்ணும் வெடிக்கலையே?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள்.

அது எனக்கு நிம்மதியாக இருந்தது. புரியாமல் இருக்கும்வரை குற்றம் யார் வீட்டுக்கும் போகாது.

ஆனால் அவள் விடவில்லை. மதியம் அண்ணனைக் கூப்பிட்டு நாலு துண்டுத் தகடு கேட்டாள். இரண்டை அண்ணன் சக்கரத்தில் தேய்த்தார். இரண்டுக்கு அவள் நெருப்புக் காட்டினாள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் நான் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துடைத்தேன். நாலையும் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு நின்றோம்.

கால் மணி ஆனது. ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தியா?" என்றார் அண்ணனும். அவர் எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

டீ குடித்துவிட்டு வந்தோம். நாலில் ஒன்றில் மட்டும் விளிம்போரம் பட்டு நூல் பிரிந்தாற்போல் கோடுகள் நின்றன. நெருப்பும் கண்டது, ஸ்பிரிட்டும் கண்டது. நெருப்பு மட்டும் கண்டது சுத்தம். ஸ்பிரிட் மட்டும் கண்டதும் சுத்தம்.

அண்ணன் தகடு விற்பவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த மனிதர் எதையும் சாவகாசமாகச் சொல்பவர்.

"நெருப்புப் பட்டா மேல்தோல் விரியப் பாக்கும், முதலாளி. உள்ள இருக்கறது குளிர்ச்சியா இருக்கு, அது விடாது. அப்புறம் ஆறும்போது தோல் சுருங்கப் பாக்கும், அதுக்கும் உள்ள இருக்கறது விடாது. அப்ப தோல் எப்பவும் இழுத்துப் பிடிச்ச மாதிரியே நிக்கும். வெளிய தெரியாது. வருஷக் கணக்கா அப்படியே நிக்கும்."

"ஸ்பிரிட் அதைக் கரைச்சிடுதா?"

"கரைக்காது. கரைக்கிற அளவுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. அக்ரிலிக்னா நீள நீளமா சங்கிலி, ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. ஸ்பிரிட் நடுவுல நுழைஞ்சு பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். சும்மா இருக்கற இடத்துல தளர்ந்தா ஒண்ணும் ஆகாது, ஸ்பிரிட் ஆவியாப் போயிடும். ஏற்கெனவே இழுபறியில நிக்கற இடத்துல தளர்ந்தா? பிரிஞ்சு வாயைத் திறந்துடும்."

போனை வைத்ததும் அண்ணன் விரலை நீட்டினார். எங்கள் வீட்டில் எதுவானாலும் பேரம்தான். சன்னல் திறப்பதா மூடுவதா என்றாலும் கால் பங்கு திறந்து முடிப்போம்.

"அப்ப சரி. பாதி நெருப்பு, பாதி ஸ்பிரிட்."

"அண்ணே, நெருப்பு இல்லாம ஸ்பிரிட்டால என்ன பண்ண முடிஞ்சுது? நெருப்புக்கு முக்கால் போடுங்க," என்றேன். சொன்ன பிறகுதான் அந்த முக்கால் என் மனைவி தலையில் விழுகிறது என்று உறைத்தது. "இல்ல, அறுபது சதவீதம் போதும்," என்று இறங்கினேன்.

"ஸ்பிரிட்டை எடுத்துட்டா எத்தனை கோடு மிஞ்சும்?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணும் மிஞ்சாது."

"நெருப்பை எடுத்துட்டா?"

"அப்பவும் மிஞ்சாது."

"எதை எடுத்தாலும் மொத்தமா போகுது. அப்ப மொத்தமும் என்மேல. மொத்தமும் இவர்மேல. இதுல எங்கிருந்து வந்துச்சு பாதி?"

அண்ணன் வாய்க்குள் கணக்குப் போட்டார். "ரெண்டு மொத்தமா? ஒரு விரிசலுக்கு இருநூறு சதவீதமா?" என்று என்னைக் கேட்டார். "எந்த ஊர் கணக்குடா இது?"

எனக்கும் தலை சுற்றியது. பிறந்ததிலிருந்து எதையும் பங்கு போட்டுப் பழகியவர்கள் நாங்கள். பங்கு போட முடியாத குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனாலும் அண்ணன் முதலாளி. சீக்கிரம் தரைக்கு வந்துவிட்டார். "நாளைக்கு இவன் துடைக்கறதை நிறுத்தலாம். வாங்கிட்டுப் போறவங்க துடைப்பாங்களே? ஊர் முழுக்க ஓடிப்போய் ஒவ்வொருத்தர் கையையும் பிடிக்க முடியுமா? நெருப்பு நம்ம கையில இருக்கு. நிறுத்த முடிஞ்சதைத்தானே நிறுத்தணும்?"

இதுவும் எனக்குச் சரியாகப் பட்டது. அன்று எனக்குச் சரியாகப் படாத வார்த்தையே இல்லை.

"நெருப்பை நிறுத்தினா அந்த விளிம்பு போயிடும். அப்புறம் அந்தம்மா நம்மகிட்ட எதுக்கு வரணும்?" என்றாள் மனைவி. "இழுபறிதானே பிரச்சினை, அதை எடுத்துட்டா? தகடு வளைக்கிற சூட்டுப்பெட்டி இருக்குல்ல. வளையற சூட்டுக்குக் கீழயே வெச்சு ரொம்ப நேரம் விட்டு, மெதுவா ஆறவிட்டா தோல் இறுக்கத்தை விட்டுடாதா?"

அண்ணன் திரும்பத் தகடு விற்பவரை அழைத்தார். "விடுமே, எம்பது டிகிரி போதும். நாங்க சொன்னா யாரு கேக்கறாங்க?" என்றார் அந்த மனிதர், சாவகாசமாக.

அன்றே அவள் ஆறு புதுப் பெட்டிகளைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்தாள். மாலையில் சூட்டை நிறுத்தி, கதவைத் திறக்காமலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். "உருகி ஓடியிருந்தா என்னடி பண்ணுவ?" என்றேன். "டேப் ஒட்டுவேன்," என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. கடிகாரக்கடை அம்மா பத்து மணிக்கு வந்தார். ஒல்லியானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டு மேல்வழியாகப் பார்ப்பவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்கம்மா. நீங்க சொன்னபடியே அந்த ஆளை..." என்று அண்ணன் தொடங்கினார்.

அம்மாவின் பார்வை நெருப்பு மேஜைக்குப் போனது. "போன தடவை வந்தப்பவும் இவங்கதானே இங்க இருந்தாங்க?"

இருபது வருடமாகக் கைகொடுத்த அந்த ஐம்பது பேரில் ஒருவரும் வந்து அண்ணனைக் காப்பாற்றவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லுடா, நீ சொல்லி விற்காததா என்கிற பார்வை. மனைவியும் பார்த்தாள். அவள் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை, நான் வழக்கம்போல எதையாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று தெரிந்தவள் மாதிரி இருந்தாள். அதுதான் என்னைச் சுட்டது.

"துடைச்சது நான்மா," என்றேன். பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "நெருப்பு மட்டும்னா ஒண்ணும் ஆகாது. இது மட்டும்னாலும் ஆகாது. ரெண்டும் சேர்ந்தா வெடிக்குது."

அம்மா என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கே! நானும் எத்தனையோ கடையில எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். இப்படி ரெண்டு சாக்கைச் சேர்த்துத் தைச்சு யாரும் போட்டதில்ல."

வாழ்நாளில் வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் கலப்படமில்லாத உண்மை அது. அதற்கு இந்த மரியாதை.

மனைவி ஒரு நீளத் துண்டை எடுத்து, இரண்டு முனையையும் இடுக்கியில் மாட்டி வில் மாதிரி வளைத்தாள். "இது இப்ப இழுபறியில நிக்குது. சும்மா நிக்குது பாருங்க." பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வளைவின் மேல் தடவினாள். ஒன்றுமில்லை. துடைத்துவிட்டு வேறு பஞ்சில் ஸ்பிரிட் விட்டாள். "இப்பக் கிட்ட வாங்க."

நாலு தலைகள் குனிந்தன. முதலில் ஒன்றுமில்லை. பிறகு வளைவின் உச்சியில் மூச்சுப் பட்டாற்போல் ஒரு வெண்மை. அது கோடுகளாகப் பிரிந்தது. 'டிக்' என்று சத்தம். துண்டு இரண்டாகி, ஒரு பாதி அண்ணன் காலடியில் விழுந்தது.

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் என் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே ஸ்பிரிட். கொஞ்சம் பெரிய பாட்டில்.

"தினமும் கடை திறந்ததும் எல்லாப் பெட்டியையும் இதாலதான் துடைக்கிறோம்," என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "அப்ப இது நான் பண்ணினதா? நீங்க பண்ணினதா?"

அண்ணன் முகம் மலர்ந்தது. எதிராளி கைதவறி ஒரு சீட்டைத் திறந்துவிட்டால் வருகிற மலர்ச்சி அது. "அப்படின்னா தப்பு உங்க பக்க..."

"மாமா," என்றாள் மனைவி.

ஒரே வார்த்தைதான். அண்ணன் வாய் மூடிக்கொண்டது. மூடிய வாய்க்குள் அவர் முந்நூறு சதவீதம் என்று கூட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"யாரையும் மாத்தலைங்க," என்றாள் அம்மாவிடம். "இந்த மேஜையில நான்தான் இருக்கேன். நெருப்புக்கு அப்புறம் இனிமே சூட்டுப்பெட்டியில வெச்சு ஆறவிடுவோம். நீங்களும் ஸ்பிரிட்டை விட்டுட்டு சோப்புத் தண்ணியில துடைங்க. ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டாத்தான் நிக்கும்."

அவள் சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். ஆறு பெட்டியும் நேராக நின்றன. அம்மா ஒன்றை எடுத்துச் சாய்த்தார். தன் பாட்டிலைத் திறந்து, துணியை நன்றாக நனைத்து, விளிம்பு முழுக்கத் தேய்த்தார். எங்களைக் கேட்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். டீ வரவழைத்தோம். அம்மா மெதுவாகக் குடித்தார், வேண்டுமென்றே மெதுவாக. குடித்துவிட்டு மறுபடி சாய்த்துப் பார்த்தார். சுத்தம்.

"முப்பது அனுப்புங்க," என்று எழுந்தார். "அது ஒழுங்கா நின்னா மீதி முப்பது. அதுவரைக்கும் இவங்க இங்கயே இருக்கட்டும். வேற யாரும் நெருப்பைத் தொடக் கூடாது."

போனவர் தன் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாரா என்று நாங்கள் மதியம்வரை விவாதித்தோம்.

முப்பதும் போயின. நான் சோப்புத் தண்ணீரும் ஈரத் துணியுமாகச் சுற்றினேன். அதில் ஒரு பகட்டும் இல்லை, பாத்திரம் துலக்குகிறவன் மாதிரி இருந்தது. பத்தில் ஐந்து பேர்தான் சரி என்றார்கள்.

இரண்டாவது வாரம் அம்மா ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போனிலும் வந்தார். முப்பதில் ஒன்று. சோப்புத் தண்ணீர் தவிர எதுவும் படவில்லை என்று உறுதியாகச் சொன்னார்.

மனைவி அதைச் சன்னலுக்குக் கொண்டுபோனாள். விளிம்புகள் நாலும் சுத்தம். கோடுகள் வேறு இடத்தில் இருந்தன. கீல் மாட்டுகிற திருகாணித் துளையைச் சுற்றி, சூரியன் வரைந்தாற்போல் சின்னச் சின்னக் கதிர்கள்.

"மாமா, துளை போடும்போது ஏதாவது விடுவீங்களா?"

"துளையூசி சூடாகாம இருக்க ரெண்டு சொட்டு எண்ணெய். எப்பவும் விடறதுதானே?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு நிறுத்தினார். துளையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"எண்ணெயா, திருகாணியை அதிகமா முறுக்கிட்டோமா, சூட்டுப்பெட்டி மூலையில சூடு சரியா ஏறலையா," என்றாள் மனைவி. "மத்த இருபத்தொன்பதுக்கும் அதே எண்ணெய்தானே? எனக்குத் தெரியல மாமா."

"திருகாணியை முறுக்கினது நான்," என்றேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைத்தேன்.

"ஹலோ? என்னாச்சு? தெரிஞ்சுதா?" என்று போன் கேட்டது.

அண்ணன் போனை உள்ளங்கையால் மூடினார். 'அந்த ஆளை மாத்திட்டோம்' என்கிற, எனக்குப் பழக்கமான முகம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் நெருப்பு மேஜைப் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்லட்டும்?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"தெரியலைன்னு சொல்லுங்க. பாத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க."

அண்ணன் கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "அம்மா, எங்களுக்கே இன்னும் புரியலம்மா," என்றார். சொல்லும்போது அவருக்கு வியர்த்தது.



"சரி," என்றார் அம்மா. "புரிஞ்சதும் மீதி முப்பதை ஆரம்பிங்க."

போன் ஓய்ந்த பிறகும் அண்ணன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "தெரியாதுன்னு சொன்னேன்டா," என்றார் என்னிடம். "அதுக்கு எப்படிடா ஆர்டர் வரும்?"

மனைவி அதற்குள் துளையூசியையும் எண்ணெய்க் குப்பியையும் தன் மேஜைக்குக் கொண்டுபோய், அடுத்த நாலு துண்டை வெட்டித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.